கல்லுக்கு அடியில் ஓடிய தண்ணீர்

2015 நவம்பர். இரண்டு நாளாக மழை விட்டிருந்த சனிக்கிழமை, காலை ஏழு மணிக்குப் பண்ருட்டியில் பஸ் ஏறினேன். வடக்குத்து ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அங்கே என் தங்கை ஸ்டெல்லா முந்திரித் தோப்பை ஒட்டி வீடு கட்டிக் குடியிருந்தாள். பின்புறத்து ஓடை வீட்டை நெருங்குகிறது என்று போனில் சொல்லியிருந்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நிலக்கரி மைன்ஸில், சுரங்கத் தண்ணீரை இறைக்கும் பம்ப் வேலை பார்ப்பவர். மழை விட்டாலும் பம்புகளை நிறுத்த முடியாதாம். "மேல பெய்யறதுகூடப் பரவால்லங்க. நிலக்கரிக்குக் கீழ இருந்து தண்ணி முட்டிகினு வருது" என்றார்.

எட்டு மணிக்கு ஸ்டெல்லா வீட்டில் இருந்தேன். தங்கை கணவன் அருள், மைன்ஸில் கான்ட்ராக்ட் டிரைவர். லீவு நாட்களில் தானே செங்கல் சுமந்து எழுப்பிய வீடு அது. காலி செய்யும் பேச்சையே அவன் காதில் வாங்கவில்லை. தரையைக் காலால் தட்டிக் காட்டினான். "கடப்பாரையே எறங்காதுக்கா. வூடு கல்லு மேல நிக்குது."

அது உண்மைதான். தரைக்குக் கீழே ஓர் ஆள் உயரத்துக்குச் செம்புரைக்கல் இறுகிப் பாறையாகக் கிடந்தது. ஸ்டெல்லா என்னை ஓடைக்குள் கூட்டிப்போனாள். பள்ளத்தில் விரல் உயர மண்தூண்கள் நூற்றுக்கணக்கில் நின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கூழாங்கல். கல் மறைத்த இடம் மட்டும் தப்பி, சுற்றியிருந்த மண்ணை மழைத்துளிகள் கரைத்திருந்தன.

நிமிர்ந்து பார்த்தேன். செம்புரைக்கல் பரண் போல நீட்டிக்கொண்டிருந்தது. அதன் விளிம்பிலிருந்து விழும் தண்ணீர் தெறித்துத் தெறித்து, அடியிலிருந்த மஞ்சள் மணலைக் குடைந்துவிட்டிருந்தது. ஸ்டெல்லா துணிக்கொடி மூங்கிலை அந்தக் குடைவில் விட்டாள். முழுக் கழியும் உள்ளே போனது. மேலே அவளுடைய சமையலறை.

அருளையும் கூப்பிட்டோம். கையை உள்ளே நீட்டினான். ஈர மணல் பொலபொலவென்று உள்ளங்கையில் கொட்டியது. கையை உதறிவிட்டுத் திரும்பினான்.

"சாமானைக் கட்டு ஸ்டெல்லா."

மதியத்துக்குள் எல்லாவற்றையும் மைன்ஸ் டவுன்ஷிப்பில் அருளின் நண்பர் ஒருவரின் குவார்ட்டர்ஸுக்குக் கொண்டுபோனோம். நான்கு மணிக்கு மழை பிடித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தோம். கல் விளிம்பு ஒடிந்து, சமையலறையோடு ஓடைக்குள் கிடந்தது. முன் அறைகள் இரண்டும் நின்றன. அருள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். ஸ்டெல்லா அவன் தோளில் கை வைத்தாள். விழுந்த பாறையைத் தண்ணீர் அதற்குள் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு ஓடத் தொடங்கியிருந்தது.

எங்கள் ஊரான மேல்பட்டாம்பாக்கத்தில் வயலுக்கு வெள்ளம் வந்தால் வண்டலைப் போட்டுவிட்டுப் போகும். தண்ணீர் என்றால் மண்ணைக் கொண்டுவருவது என்றே நினைத்து வளர்ந்தவள் நான். அது எடுத்துக்கொண்டு போவதை இங்கேதான் பார்த்தேன்.

பஸ் ஏற்றிவிட வந்த அருள், ரோட்டோரமாக வேறு இடம் பார்க்கப்போவதாகச் சொன்னான்.

"இந்த வாட்டி மொதல்ல குழி வெட்டி அடியில பாத்துட்டுதான் கட்டணும்க்கா" என்றான். "நீங்களும் வந்து பாருங்க."