எண்ணிக்கை சரியாக இருந்தது

அண்ணன் சிங்கப்பூரில் இருந்தவரை வாரத்துக்கு ஒருமுறை அம்மாவுக்காகப் பேசிப் பதிவு செய்து ஒரு இணையதளத்தில் ஏற்றிவிடுவான். மேட்டூர் திறந்தாச்சா, நடவுக்கு ஆள் கிடைத்ததா, மூட்டுவலி எப்படி, எல்லாம் அதில்தான். மாரடைப்பில் அவன் போனபிறகு அம்மாவுக்கு அவற்றைக் கேட்கத் தெம்பில்லை. முதல் வருஷத் திதியன்று கேட்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள். அதற்குள் அந்தத் தளத்தை மாதக் கடைசியோடு மூடுவதாக மின்னஞ்சல் வந்தது.

"ஒண்ணொண்ணா எறக்கி வச்சிடுப்பா" என்றாள் அம்மா.

சீர்காழி வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன் நான். நூற்றுக்கணக்கான கோப்புகளைக் கையால் இறக்குவதா? கௌரவக் குறைச்சலாகப் பட்டது. சோதனைக்கு முதல் பதிவை மட்டும் கையால் இறக்கினேன். மிச்சத்தைத் தானாகவே இறக்கிக்கொள்ள ஒரு ஸ்கிரிப்ட் எழுதிவிடலாம்.

எதில் எழுதுவது? டபிள்யூகெட் என்ற கருவி என்றால் ஒரே வரியில் முடியும். கர்ல் என்ற இன்னொன்று என்றால் எதை எப்படி இறக்குவது என்று ஒவ்வொன்றுக்கும் நானே சொல்லலாம். பைத்தான் என்றால் தேதிவாரியாகப் பெயர் வைத்து அழகாக அடுக்கலாம். மூன்றையும் மாற்றி மாற்றி நோண்டியே இரண்டு வாரம் ஓட்டினேன். கையால் இறக்கியிருந்தால் அதற்குள் எல்லாம் வந்திருக்கும். புத்தி எங்கே போயிற்றோ!

கடைசி நாள் பைத்தான் ஸ்கிரிப்டை ஓடவிட்டேன். காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"ஒண்ணு ரெண்டத் தொறந்து பாத்தியா? நெல்லு கொள்முதல்ல மூட்டைக்குக் குத்தூசி விட்டுத்தானே பாக்குறாங்க?" என்றாள் அம்மா.

"சும்மா இரும்மா. எண்ணிக்கை சரியா இருக்கு."

மறுநாள் தளம் இல்லை.

திதியன்று படையல் முடிந்ததும் அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் கடைசியாகப் பேசியதைத் திறந்தேன். ஓடவில்லை. அதற்கு முந்தியதும் ஓடவில்லை. அப்போதுதான் கவனித்தேன், எல்லாக் கோப்பும் ஒரே அளவு. ஒன்றை எழுத்தாகத் திறந்து பார்த்தேன். 'உள்ளே செல்லக் கடவுச்சொல்லைத் தரவும்' என்று இருந்தது. உலாவியில் நான் ஏற்கெனவே உள்ளே போயிருந்ததால் அந்த முதல் பதிவு வந்திருந்தது. ஸ்கிரிப்டுக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்க மறந்துவிட்டேன். அது வாசற்படியிலேயே நின்று, அந்த ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப இறக்கி அண்ணன் பேசிய தேதிகளைப் பெயராக வைத்திருக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். ரெண்டு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை. அவள் "ஒண்ணுகூட இல்லையாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

கையால் இறக்கிய அந்த ஒன்றைப் போட்டேன். புதுசாகப் பதிவு செய்யக் கற்றுக்கொண்ட அன்று, சரியாக வருகிறதா என்று அவன் பேசிப் பார்த்தது.

"அம்மா, கேக்குதா? நான் பேசறது கேக்குதா?"

அம்மா லேப்டாப் பக்கம் குனிந்து, "கேக்குதுப்பா, சொல்லு" என்றாள்.

அதோடு பதிவு முடிந்திருந்தது.