செவ்வாயும் வியாழனும்

நோரீன் வூகோவிச்சிடம் முடி வெட்டிக்கொள்ளப் போனால் கேள்விகளுக்குத் தயாராகத்தான் போக வேண்டும். "இடது பக்கம் மட்டும் ஏன் சீக்கிரம் நரைக்குது உங்களுக்கு? எந்தப் பக்கமா படுப்பீங்க?" என்று ஆரம்பிப்பாள். வம்புக்காக இல்லை, நிஜமாகவே அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவின் உருக்காலை ஊரான எங்கள் வையல்லாவில் பாதிப் பேரின் தலை அவள் கையில்தான். கணவன் மிலனுக்கு உருக்காலையில் ஷிப்டு வேலை.

ஒரே மகள் பிரையனி. பிறக்கும்போதே மூளையில் பாதிப்பு. நடக்க மாட்டாள், பேச மாட்டாள், வாயால் சாப்பிட முடியாது என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்ததும், "சரி, என்னவெல்லாம் செய்வா?" என்று நோரீன் கேட்டாளாம். டாக்டருக்கு அது தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கிற வேலையை நோரீனே எடுத்துக்கொண்டாள்.

பதினான்கு வயதில் பிரையனி எங்கள் உயர்நிலைப் பள்ளியின் சிறப்பு வகுப்புக்கு வந்தாள். நான் அங்கே உதவியாளர். வயிற்றுக் குழாய் வழியாக உணவு கொடுப்பது, சக்கர நாற்காலியிலிருந்து தூக்கி மாற்றுவது, அன்றன்று நடந்ததை நோட்டில் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு.

அவள் வந்து சேர்ந்த மார்ச் மாதமே அலறல் தொடங்கியது. முகம் கோணிப்போய், புறங்கையைக் கடித்துக்கொண்டு, உடம்பையே முறுக்கி அலறுவாள். சில நாள் ஐந்து நிமிடம், சில நாள் இருபது. தேதி, நேரம் போட்டு 'வலியால் அலறினாள்' என்று எழுதுவேன். டாக்டர் இரண்டு முறை சோதித்துப் பார்த்து, உடம்பில் ஒன்றும் இல்லை என்றார்.

ஜூனில் தலைமையாசிரியர் கென் ஹேஸ்ட்வெல் பெற்றோரைக் கூப்பிட்டார். நானும் இருந்தேன்.

"பிள்ளை ரொம்ப கஷ்டப்படுறா, நோரீன். மத்த பிள்ளைங்களும் பயப்படுறாங்க. கொஞ்ச நாளைக்கு பதினோரு மணிக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுங்களேன்."

மிலன் விருட்டென்று எழுந்தான். "அரை நாள் பள்ளிக்கூடமா? இதுக்காகவா ஒரு வருஷம் மனு போட்டு அலைஞ்சோம்?"

"உக்காரு மிலன். கென், ஏன் பதினோரு மணி?"

"அதுக்கப்புறம்தானே அலறுறா."

"தினமுமா?"

கென் என்னைப் பார்த்தார். "அநேகமா தினமும்தான்," என்றேன் நான்.

"அந்த நோட்டைக் கொஞ்சம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாமா?" என்று கேட்டாள் நோரீன்.

மறுநாள் காலையில் விரல் நுனியெல்லாம் தலைச்சாயக் கறையோடு வந்து நின்றாள். "தினமும் இல்லைங்க. செவ்வாயும் வியாழனும் மட்டும்தான். நீங்கதான் எழுதியிருக்கீங்க, பாருங்க." பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அப்படித்தான் இருந்தது. மூன்று மாதம் என் கையால் எழுதியும் என் கண்ணில் படவில்லை.

"இன்னொண்ணு. மே பதினாலு செவ்வாய்தான். அன்னிக்கு மட்டும் சத்தமே இல்லை. அன்னிக்கு இங்க என்ன நடக்கலை?"

எது நடக்கவில்லை என்று யாருமே என்னிடம் கேட்டதில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். அன்றைக்கு மரவேலை ஆசிரியர் டெரி லீவு. அவருடைய பட்டறைக்கும் எங்கள் வகுப்புக்கும் நடுவே ஒரே சுவர். செவ்வாயும் வியாழனும் பதினோரு மணிக்கு மேல் அங்கே மரம் இழைக்கும் மெஷின் ஓடும். கேட்டுக் கேட்டு எங்கள் காதில் அது விழுவதே நின்றுபோயிருந்தது.

போய்ச் சொன்னதும் கென்னுக்கு நிம்மதி. "பார்த்தீங்களா, அந்த இரைச்சல் தாங்கலை அவளுக்கு. அப்போ அந்த ரெண்டு நாள் மட்டும் வீட்டுல வச்சுக்கலாமே."

"இருக்கலாம், கென். ஆனா தாங்க முடியாம கத்துறாளா, சந்தோஷத்துல கத்துறாளா? எனக்குத் தெரியலை. உங்களுக்குத் தெரியுமா?"

"அந்த முகத்தைப் பார்த்தா சந்தோஷம் மாதிரியா இருக்கு?"

"அதான், பட்டறைக்கே கூட்டிட்டுப் போய் அவகிட்டயே கேட்டுப் பார்ப்போம்ங்கறேன்."

பட்டறைக்குள் கூட்டிப் போவது ஆபத்து என்று கென் மறுத்தார். என்ன ஆபத்து என்று கேட்டு நோரீன் கடிதம் எழுதினாள். தூசி என்று பதில் வந்தது. முகமூடி போட்டால் போதுமா என்று கேட்டாள். காது என்றார்கள். காதுக்கவசம் வாங்கி, டாக்டர் கடிதத்தோடு கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு கடிதத்திலும் கோபம் இல்லை. எல்லாம் கேள்விக்குறியில் முடிந்தன. அப்படியே ஐந்து வாரம். கடைசியில் பத்து நிமிடத்துக்கு அனுமதி கிடைத்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நோரீனும் மிலனும் வந்திருந்தார்கள். பிரையனியின் நாற்காலியை மெஷினிலிருந்து நான்கடி தள்ளி நிறுத்தினோம். டெரி ஒரு பைன் மரப் பலகையை உள்ளே விட்டு சுவிட்சைத் தட்டினார். பிரையனியின் முகம் கோணியது. கை வாய்க்குப் போனது. அலறினாள்.

"போதும், நிறுத்துங்க!" என்றார் கென்.

மெஷின் நின்றது. அலறலும் நின்றது. பட்டறையில் மரவாசனை மட்டும் இருந்தது. பிரையனி இடது காலால் நாற்காலியின் பாதப்பலகையை ஒருமுறை அழுத்தினாள். பிறகு இன்னொரு முறை.

"அது 'இன்னும்'," என்றாள் நோரீன். "வீட்டுல குளிப்பாட்டும்போது தண்ணியை நிறுத்தினா இப்படித்தான் செய்வா."

"தானா கால் இழுத்திருக்கலாமே," என்றார் கென்.

"இருக்கலாம். அப்போ திரும்பவும் பார்ப்போம். எப்போ நிறுத்தணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க. எங்ககிட்ட சொல்லவேண்டாம்."

கென் டெரியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு தோளைத் தட்டித் தட்டிச் சைகை காட்டினார். ஆறு முறை. ஐந்து முறை நிறுத்தியதும் கால் அழுத்தியது. ஆறாவது முறை அசையவில்லை.

"இது என்ன அர்த்தம்?" என்று கென் கேட்டார். இந்த முறை குத்தலாக இல்லை. அவருக்கும் தெரிந்துகொள்ள ஆசை வந்துவிட்டிருந்தது.

"அலுத்துப்போச்சு போல," என்றார் டெரி. "என் கிளாஸ்ல மத்த பசங்களுக்கு மூணாவது தடவையே அலுத்துடும். இவதான் பெஸ்ட்!"

மிலன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

வெளியே வந்ததும் நோரீனிடம் மன்னிப்புக் கேட்டேன். "வலின்னு எழுதிட்டேன். நானா நினைச்சுக்கிட்டது."

"விடுங்க, நானும்தான் அதை நம்பினேன். ஆனா தேதியும் நேரமும் நீங்க எழுதாம விட்டிருந்தா நான் எதை வச்சுத் தேடியிருப்பேன்?"

அரை நாள் பேச்சு அதோடு போயிற்று. செவ்வாயும் வியாழனும் பிரையனி மரவேலை வகுப்பில் உட்கார்ந்தாள். நாற்காலியின் முன்தட்டை மெஷின் இருக்கும் மேஜையோடு ஒட்டி வைத்தால் அதிர்வு அவள் கைக்கு வரும் என்று ஒரு மாணவி கண்டுபிடித்தாள். எல்லாம் சரியாகிவிடவில்லை. இன்னோர் உதவியாளருக்கு அரசு நிதி கிடைக்க அடுத்த வருடம் ஆனது. அதுவரை நான் அவளோடு பட்டறைக்குப் போகும் நேரத்தில் எங்கள் வகுப்பில் ஆள் பற்றாமல் திண்டாடினோம். இரண்டு பெற்றோர் அலறலைக் காரணம் காட்டித் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றினார்கள்.

பிரையனிக்கு இப்போது பத்தொன்பது. ஓய்வு பெற்ற உருக்காலைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் மரப்பட்டறைக்கு வாரம் இரண்டு நாள் போகிறாள். அங்கே எல்லோரும் அவளை 'சூப்பர்வைசர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் முடி வெட்டப் போயிருந்தேன். கத்தரியை அப்படியே நிறுத்திவிட்டு நோரீன் சொன்னாள்: "ஒரு மாசமா மிலன் வீட்டுக்குள்ள வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கிறா. நான் வந்தா மூடுறதில்லை. சோப்பை மாத்திப் பார்த்தாச்சு, சட்டையை மாத்திப் பார்த்தாச்சு. உங்களுக்கு என்ன தோணுது?"