இத்தாவில் எரிந்த கண்

எங்களைப் படைத்தவனுக்கே புகழனைத்தும். உம்மாவின் முதலாண்டு நினைவில் எங்களோடு துஆச் செய்ய வந்த உங்கள் அனைவருக்கும் ஸலாம்.

உம்மா அவர்கள் சாய்ந்தமருதில் பிறந்தார்கள். எங்கள் வழக்கப்படி வாப்பாதான் மாப்பிள்ளையாக உம்மாவின் வீட்டுக்கு வந்தார். அவர் நாவிதன்வெளியில் வயல் செய்தார். வெள்ளாமை வெள்ளத்தில் போன வருடங்களில் உம்மா இடியப்பம் அவித்து விற்று, என் அண்ணனான காக்காவையும் என்னையும் படிக்க வைத்தார்கள். கடல் ஊருக்குள் வந்து வீட்டைக் கொண்டுபோனபோதும், பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த சனத்துக்காக முதலில் சோற்றுக்கு உலை ஏற்றியவர் அவர்கள்தான். கறியில் உப்புக் குறைவு என்று சொன்னவரை மட்டும் லேசில் மன்னிக்கமாட்டார்கள்.

இந்த அளவோடு நிறுத்தினால் எனக்குச் சௌகரியம். ஆனால் உம்மாவுக்கு என்ன வருத்தம் என்று கேட்டவர்களிடம் நான் "தலையிடி" என்று மழுப்பியிருக்கிறேன். அது அக்கி.

வாப்பா மௌத்தாகி உம்மா இத்தாவில் இருந்தார்கள். கணவரை இழந்த பெண் அந்நிய ஆண்கள் முன் வராமல் வீட்டோடு இருக்கும் காலம் அது. ஒரு காலையில் வலப்பக்க நெற்றி எரிகிறது என்றார்கள். அடுத்த நாள் அங்கே சிறு கொப்புளங்கள் புருவம்வரை இறங்கியிருந்தன.

"புள்ள, கண்ணுக்குள்ள கொள்ளி வெச்ச மாதிரி எரியுது."

காக்கா கல்முனையில் கடையை மூடிவிட்டு ஓட்டோவோடு வந்து நின்றார். நான்தான் மறித்தேன். ஆஸ்பத்திரியில் அன்று இருந்தவர் ஆண் வைத்தியர்.

"இத்தாவில இருக்கிற உம்மாவ ஆம்பிள டொக்டர்ட்ட கொண்டுபோனா ஊர் என்ன கதைக்கும்? அடுத்த கிழமை பொம்பிள டொக்டர் வருவா."

காக்கா தயங்கினார், பிறகு அவரும் என் பேச்சுக்கு இசைந்தார். ஓதிய தண்ணீரும் சந்தனமும் பூசினோம். உம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள்.

அடுத்த கிழமை வந்த பெண் வைத்தியரின் முகம் உம்மாவைப் பார்த்ததும் மாறிவிட்டது. கொப்புளம் கண்ட ஓரிரு நாளிலேயே மருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்றார். சிறுவயதில் வந்த கொப்புளிப்பான் என்ற அம்மை நோயின் கிருமி நரம்புக்குள் உறங்கிக் கிடந்து, வயதானபின் உடல் தளரும்போது இப்படி எழும்புமாம். ஐம்பது வயது கடந்தவர்களுக்கு இதற்குத் தடுப்பூசி இருக்கிறதாம். போட்டால் வரும் வாய்ப்பு நன்றாகக் குறையுமாம். என் பிள்ளைகளுக்குக் கிளினிக்கில் ஓர் ஊசியைக்கூடத் தவறவிடாதவள் நான். உம்மாவுக்கும் ஊசி ஏதும் உண்டா என்று ஒருநாளும் எவரிடமும் கேட்டதில்லை.

எங்கள் மாமா மௌலவி. விசயம் கேள்விப்பட்டு வந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது.

"மருந்தெடுக்கப் போறத இத்தா எப்ப புள்ள தடுத்த? என்னட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

மார்க்கத்தின் பெயரைச் சொல்லி நான் ஊருக்குத்தான் பயந்திருக்கிறேன். அந்த ஊரோ ஒன்றுமே கதைக்கவில்லை. ஊரில் அவரவருக்கு அவரவர் வேலை இருந்தது.

உம்மாவின் வலது கண் பார்வை திரும்பவில்லை. கொப்புளங்கள் காய்ந்த பிறகும் வலி போகவில்லை. முக்காடு நெற்றியில் பட்டாலே துடிப்பார்கள். ஸுஜூதில் நெற்றி தரையைத் தொடும்போது வரும் முனகல் அடுத்த அறையில் எனக்குக் கேட்கும். உட்கார்ந்து தலையசைத்துத் தொழலாம் என்று மாமா சொல்லியும் கேட்கவில்லை. என்னை மட்டும் ஒரு சொல் சொன்னதில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கடைசியில் இருதய வருத்தம் வந்து, கலிமாவோடு கண்மூடினார்கள்.

வைத்தியம் செய்தவர்களுக்கும், இரவெல்லாம் தலைமாட்டில் இருந்த, சின்னம்மா முறையான சாச்சிக்கும், பாண்டிருப்பிலிருந்து இளநீரோடு வந்துபோன உம்மாவின் சிநேகிதிக்கும் எங்கள் நன்றி. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த ஊசி பொருந்துமா, எங்கே போடலாம் என்று வைத்தியரிடம் கேளுங்கள். உடலில் ஒரு பக்கம் மட்டும் எரிந்து கொப்புளம் கண்டால் அன்றைக்கே கொண்டுபோங்கள். ஆண் வைத்தியரா பெண் வைத்தியரா என்று பார்த்து நிற்காதீர்கள்.

அடக்கத்துக்கு ஜனாஸாவைத் தூக்குமுன் காக்கா வாசலில் நின்று, உம்மா யாருக்கும் குறை செய்திருந்தால் மன்னித்துவிடும்படி வந்தவர்களிடம் கேட்டார். எல்லோரும் மன்னித்ததாகச் சொன்னார்கள். உம்மாவிடம் நான் அப்படி ஒரு மன்னிப்புக் கேட்டதே இல்லை. ஒரே வீட்டில்தான் இருந்தோம். கேட்க வெட்கமாக இருந்தது.