உப்புத் தண்ணீரில் கழுவிய முகம்

வெயிலில் நீல நிறப் புகைப்படம் (சயனோடைப்) அச்சிடத் தொடங்கியிருக்கும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். அன்று செவ்வாய்க்கிழமை. நாகல் நகரில் எங்கள் வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்து எட்டு நாள் ஆகியிருந்ததாக நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன்.

சித்தையன்கோட்டை ஆரோக்கியமேரியின் கணவருக்கு அன்று மாலை ஆறு மணிக்கு முதல் வருச நினைவுப் பூசை. அவர் கொண்டுவந்தது ஸ்டாம்ப் அளவுப் புகைப்படம் ஒன்றுதான். "பிளெக்ஸ் வேணாம் சார், ரெண்டு மாசத்துல வெளுத்துப் போகுது" என்றிருந்தார். முகத்தைப் பெரிதாக்கி நெகட்டிவ் போட்டேன். புகைப்படத்தில் இல்லாத தோளையும் சட்டையையும் நானே வரைந்து சேர்த்தேன். மருந்து பூசிய தாளின் மேல் நெகட்டிவை வைத்து வெயிலில் காட்டினால் உருவம் நீலமாகப் பதியும். பிறகு மிச்ச மருந்து போகக் கழுவ வேண்டும்.

வீட்டில் நல்ல தண்ணீர் ஒரு குடம்தான் இருந்தது. அதனால் போர் தண்ணீரில் கழுவினேன். எங்கள் போரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். அது நீலத்தைத் தின்றுவிடும். தெரிந்தேதான், ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன். படத்தில் கண்கள் இரண்டும் மங்கிவிட்டன.

மூன்றரைக்கு ஆரோக்கியமேரி வந்தார். "இந்த மாதிரிப் படம் இப்பிடித்தான் மங்கலா இருக்குமா சார்?"

ஆமாம் என்றால் வாங்கிக்கொண்டு போயிருப்பார். காலையிலிருந்து நின்றதில் எனக்கு முழங்கால் கடுத்தது. சில மாதத்தில் படத்தில் முகமே இருக்காது என்பது அவருக்குத் தெரியாது.

"இல்லம்மா, நான் கழுவுனது தப்பு. இன்னொன்னு போடணும்."

"பூசைக்கு நேரமாச்சே!"

"செத்த நேரம் இருங்க."

என் மனைவி குடத்தை மறித்து நின்றாள். "குடிக்கிற தண்ணியிலயா? அப்ப அந்த நீலத் தண்ணியவே நீங்க குடிங்க."

ஆரோக்கியமேரி சிரித்துவிட்டார். குடம் கைக்கு வந்தது.

மருந்து பூசி வைத்திருந்த இன்னொரு தாளை நெகட்டிவோடு கண்ணாடிச் சட்டத்தில் செருகி, சாய்ந்த வெயில் என்பதால் நாற்பது நிமிடம் வைத்தேன். சட்டத்தின் பக்கத்திலேயே அவர் உட்கார்ந்திருந்தார். "உசுரோட இருக்கையில ஒரு எடத்துல இம்புட்டு நேரம் இருந்ததில்ல இந்த மனுசன்" என்றார்.

குடத்துத் தண்ணீரில் கழுவினேன்; இந்த முறை கண்கள் தெளிவாக வந்தன. ஈரப் படத்தைப் பலகையோடு மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனார்.

நல்ல தண்ணீர் இல்லாத நாளில் நான் இப்போது மருந்து கலப்பதில்லை. படம் கெட்டால் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அது எப்படி இருக்க வேண்டும் என்று வாங்க வந்தவருக்குத் தெரியாது. உடம்பு அசந்திருக்கும் நாளில்தான் இதைச் சொல்வது கடினம். எனக்கு இப்போது எல்லா நாளும் அப்படித்தான்.