இரண்டாவது டப்பா

தொண்ணூற்றொன்றில் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் ஓர் எவர்சில்வர் டப்பா. ஒரகடத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. காலையில் பஸ் ஏறி, சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் பிடித்துத் தாம்பரத்தில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அம்மா கட்டிக்கொடுப்பது பெரும்பாலும் கேழ்வரகு அடை, இல்லாவிட்டால் கீரையும் காராமணிக் குழம்புச் சாதமும். கேன்டீன் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். மைதா தின்றால் வயிற்றுக்குள் பசை காய்ச்சின மாதிரி என்பாள்.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், விடுதியில் இருந்தாள். காலைச் சாப்பாட்டைத் தூங்கியே விட்டுவிடுவாள். மதியம் டீயும் கிரீம் பன்னும். அந்தப் பன்னைப் பார்த்துத்தான் அவள்மேல் எனக்கு முதல் பொறாமை வந்தது. ஒருநாள் ஆய்வகத்தில் நின்றபடியே சரிந்து விழுந்தாள். ரத்தம் குறைவு, கீரையும் கேழ்வரகும் சாப்பிடு என்று டாக்டர் சொன்னார். இதை நான் வீட்டில் போய் உளறினேன் பாருங்கள், அதுதான் வினை.

மறுநாளிலிருந்து இரண்டு டப்பா. அவளுடைய அடையில் முருங்கைக்கீரை பச்சைப்பசேல் என்று இருக்கும். என் அடையில் கீரையைத் தேட வேண்டும். வேர்க்கடலை உருண்டையில் பெரியது எப்போதும் அவளுக்கு. ஏரிக்கரை வரப்பில் பொன்னாங்கண்ணி பறிக்க அம்மா விடியலில் கிளம்பிப் போவாள், எனக்காக அப்படிப் போனதாக எனக்கு நினைவே இல்லை. சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "அந்தப் பொண்ணு துன்னுச்சா?" என்பாள். நான் சாப்பிட்டேனா என்று கேட்க ஆளில்லை.

பொறுக்காமல் கேட்டேவிட்டேன், பெற்ற பெண் நானா அவளா என்று.

"நீ என் வூட்ல கீற. பசிச்சா கேப்ப. அது யாராண்ட போய்க் கேக்கும்?"

நியாயம்தான். நியாயம் என்று தெரிந்ததும் எரிச்சல் இன்னும் கூடியது.

அந்தப் பெண்ணாவது சும்மா இருந்தாளா? அடுத்தவர் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாதாம். "வெறும் டப்பாவ எப்படிக் கொடுத்துவிட? எங்க அம்மை ஏசுவா" என்றாள். எங்கள் வீட்டிலும் அதே வழக்கம்தான், ஆனால் விடுதியில் அவளிடம் என்ன இருக்கும்? டப்பாவைக் கழுவித் துடைத்து ஒரு கிரீம் பன்னை வைத்துக் கொடுத்தாள்.

அம்மா திறந்ததும் பசை காய்ச்சும் பேச்சுக்காகக் காத்திருந்தேன். அவளோ சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிட்டுப் பிட்டுத் தின்றாள். விரலில் ஒட்டிய கிரீமையும் விடவில்லை. மீதியைக் காலைக்கு என்று மூடி வைத்தாள். மைதா அன்றைக்கு மட்டும் உணவாகிவிட்டது.

சில மாதங்களில் அந்தப் பெண்ணுக்குக் கன்னம் உப்பி, முகத்தில் ரத்தம் ஏறியது. ஆனாலும் டப்பாவும் நிற்கவில்லை, பன்னும் நிற்கவில்லை. நான் கொண்டுவந்தாலும் அம்மா அப்படி உட்கார்ந்து தின்பாளா? எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. ஒருநாள் கேன்டீனில் நானே ஒரு பன் வாங்கி, என் டப்பாவைக் கழுவித் துடைத்து அதில் வைத்தேன்.

அம்மா முதலில் அந்தப் பெண்ணின் டப்பாவைத் திறந்தாள், அடுத்து என்னுடையதை. முகம் மலர்ந்துவிட்டது.

"ரெண்டு டப்பாலயும் வெச்சிக்கீதா அந்தப் பொண்ணு?"

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த மலர்ச்சி போய்விட்டால் என்ன செய்வது? ஆமாம் என்றேன்.

அம்மா என் பன்னை இரண்டாகப் பிட்டு, பாதியை என்னிடம் நீட்டினாள்.

"நீயும் துன்னு. அது ஆசையாக் குடுத்தது."

வாங்கித் தின்றேன்.