தெனெங் ஆடிய இரண்டு ஆட்டங்கள்

தெனெங் மாம்பழத்தைத் தொடமாட்டாள். விருந்தில் நறுக்கி நீட்டினாலும் "தூ, அந்தப் பக்கம் கொண்டு போ" என்பாள். எங்கள் ஜம்பாங் குண்டா ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். புதிதாக வாழ வந்த மருமகள்கள்தான் அவளுக்கு ஏதோ வயிற்றுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டு கசாயம் சொல்வார்கள்.

அவள் இந்த ஊருக்கு மலாங்கின் இரண்டாம் தாரமாக வந்தவள். மலாங்குக்கு நிலக்கடலைக் காடு இருந்தது, நீளமான வாயும் இருந்தது; மழை மட்டும் அவன் பேச்சைக் கேட்கவில்லை. வருடத்துக்கு வருடம் மழை பிந்தியது, வந்தாலும் பாதியில் ஓடிப்போனது. கடலைச் செடி பூவோடு கருகியது. ஆம்பிளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? மரத்தடியில் கரி அடுப்பை மூட்டி, கோப்பை கோப்பையாகத் தேநீர் ஆற்றிக் குடித்துக்கொண்டே வானத்தைத் திட்டினார்கள். திட்டி முடித்ததும் வீட்டுக்கு வந்து சோறு கேட்டார்கள்.

தெனெங்கும் மூத்தாள் சீரேயும் நேரே கேலுந்தாங் வீட்டுக்குப் போனார்கள். ஊருக்குப் பின்னால் இருக்கும் பள்ள நிலம் அவன் குடும்பத்துடையது.

"கேலுந்தாங் அண்ணே, சும்மா கிடக்கிற அந்தப் பள்ளத்தை எங்களுக்கு விடுங்க. வெங்காயம் போட்டுப் பாக்குறோம்."

கேலுந்தாங் பல்குச்சியை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தான். "நரி மூத்திரம் போகக்கூட நிக்காத இடம் அது. எடுத்துக்கோங்க. மரம் மட்டும் வைக்கக்கூடாது, சொல்லிட்டேன்."

எங்கள் பக்கத்து வழக்கம் அப்படி. வெங்காயமோ கத்தரியோ வைத்தால் அந்தப் பருவத்தோடு போயிற்று. மரம் ஒன்றை ஊன்றிவிட்டால், ஊன்றியவனுக்கே அந்த மண் என்று ஆகிவிடும். அதனால் இரவல் நிலத்தில் யாரும் மரம் வைக்கத் துணியமாட்டார்கள். பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு எந்த நிலம்தான் இரவல் இல்லை!

கிணற்றுக்கு வேறு வழக்கம். தோண்டியவர் யாரோ, கிணறு அவருடையது. தெனெங் உள்ளே இறங்கி வெட்டினாள்; சீரே மேலே நின்று மண்ணை இழுத்துக் கொட்டினாள். ஆம்பிளைகள் வேடிக்கை பார்க்க வந்தார்கள், கேலி பேசினார்கள், தேநீர் ஆறிப்போகும் என்று திரும்பிப் போனார்கள். ஒருநாள் தெனெங்கின் கணுக்கால் நனைந்தது. குனிந்து ஒரு வாய் அள்ளிக் குடித்துவிட்டு, "அக்கா, உப்பே இல்ல!" என்று குழிக்குள்ளிருந்து அலறினாள். அதற்குப் பிறகு ஊர்ப் பெண்களெல்லாம் வந்து பாத்தி பிடித்தார்கள். கடலை பொய்த்த வருடங்களில் இந்த ஊர் கஞ்சி குடித்தது அந்த வெங்காயத்தால்தான். மலாங்கின் குரலில்கூடச் சர்க்கரை ஏறியது.

"தெனெங், என் கண்ணு, இந்த வாட்டி மட்டும் கொஞ்சம் காசு..."

"போன வாட்டியும் இதே கண்ணுதான்" என்பாள். ஆனாலும் கொடுப்பாள்.

பிறகுதான் அந்த வெள்ளை வண்டி வந்தது. பூமி சூடாவதைத் தடுக்க எங்கோ பெரிய தேசங்கள் பணம் ஒதுக்கியிருக்கிறார்களாம். அதில் பெண்களுக்குப் பங்கு இருந்தே ஆகவேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்களாம். நல்ல சட்டம்தான், யார் வேண்டாம் என்றது? தலைநகரத்திலிருந்து ஹாடி என்ற இளம்பெண் அதிகாரியும், படமெடுக்கிற ஒருவனும் வந்து இறங்கினார்கள்.

விருந்தாளி வந்தால் பெண்கள் தண்ணீர்த் தொட்டியில் சுரைக்குடுக்கையைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டி ஆடவேண்டும். வந்த காரியத்தை அதற்குப் பிறகுதான் கேட்கவேண்டும். முதலிலேயே எதற்கு வந்தாய் என்று கேட்பது எங்கள் ஊரில் முகத்தில் அடிப்பது போல. அன்று தெனெங்தான் முன்னால் நின்று ஆடினாள். புழுதி கிளம்ப ஆடினாள். படக்காரன் அவளை விட்டு நகரவே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் ஹாடி எழுந்து, "இந்தத் திட்டமே உங்களுக்காகத்தான்" என்று ஆரம்பித்தாள். தோட்டம் முழுக்க மாங்கன்று வைக்கப் போகிறார்களாம்.

தெனெங் வேர்வையைத் துடைத்தபடியே கேட்டாள்: "கன்னை யாரும்மா வைக்கிறது?"

"நிலம் கேலுந்தாங் ஐயாவோடது. அதனால ஐயா வீட்டுல வைப்பாங்க."

"தண்ணி?"

"நீங்க ஊத்துவீங்க அக்கா. அதுதான் பெண்களோட பங்கு."

"பழம்?"

ஹாடி கேலுந்தாங்கைப் பார்த்தாள். கேலுந்தாங் ஒரு பருந்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அதை உங்க ஊர் வழக்கப்படி பேசிக்கலாம்" என்றாள் ஹாடி.

"எங்க ஊர் வழக்கப்படி மரம் வச்சவனுக்குத்தான் மண்ணே. எங்களுக்கு இது வேண்டாம் தாயீ."

ஹாடிக்கு உண்மையிலேயே ஆச்சரியம். "நீங்கதானே அக்கா இப்ப அவ்வளவு சந்தோஷமா ஆடினீங்க? பெண்கள் ஆடிப்பாடிச் சம்மதிச்சாங்கன்னு மேலிடத்துக்குப் படமே போயாச்சே!"

ஆம்பிளைகள் கொல்லென்று சிரித்தார்கள். "ஆடுறதுக்கு முன்னாடி கேட்டிருக்கணும் தெனெங்" என்றான் கேலுந்தாங்.

தெனெங் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் போய் நின்று, தன் கால்களைக் குனிந்து பார்த்து, அந்தக் கால்கள்மேலேயே துப்பினாள்.

கன்றுகளை எங்கே வைத்தார்கள் என்கிறீர்கள்? வரப்பிலா, வேலி ஓரத்திலா? பாத்திகளுக்கு நட்டநடுவில்! "ஒரு கன்னு காஞ்சாலும் வேலிக்கதவைப் பூட்டிடுவேன்" என்றான் கேலுந்தாங். வெங்காயத்துக்காக இறைத்த தண்ணீரைப் பெண்கள் மாங்கன்றுக்கும் ஊற்றினார்கள். தங்கள் கழுத்துக்கான கயிற்றுக்குத் தாங்களே எண்ணெய் தடவுகிறோம் என்று தெரிந்தேதான் ஊற்றினார்கள். வருடங்கள் போகப் போக மரங்கள் கொழுத்தன, நிழல் பாத்திமேல் படுத்தது. நிழலில் விளைந்த வெங்காயம் ஆட்டுப் புழுக்கை அளவு இருந்தது. வாசலில் 'பெண்களின் தோட்டம்' என்று ஒரு பலகை. அதில் தெனெங் ஆடுகிற படம், பல்லெல்லாம் தெரிய. அந்தப் பலகைக்கடியில்தான் கேலுந்தாங் பழக்கூடைகளை வண்டியில் ஏற்றுவான். சீ, என்ன பிழைப்பு!

ஹாடி மறுபடி வந்தபோது தெனெங் ஒரு கை வெங்காயத்தை அவள் மடியில் கொட்டினாள்.

"பாரு. இதுதான் உன் திட்டத்துல எங்க பங்கு."

"அக்கா, அறிக்கையில பெண்களோட பங்கு முழுசா இருக்கு. ரொம்ப நல்ல பேரு."

"அறிக்கையைத் தாளிச்சா பிள்ளைங்க திங்குமா?"

ஹாடி தலையைக் குனிந்துகொண்டாள். கெட்ட பெண் இல்லை அவள், அதுதான் இன்னும் எரிச்சல். ஆனாலும் கொண்டுவந்த சேதியைச் சொல்லாமல் போகவில்லை: சூரிய ஒளியில் ஓடும் பம்பு வரப்போகிறது. பெண்கள் தோண்டிய அந்தக் கிணற்றில்தான் இறக்குவார்கள். குழாய் மாமரங்களுக்குப் போகும்.

"இனிமே நீங்க தண்ணிகூட இறைக்க வேண்டாம்" என்றான் கேலுந்தாங் பெரிய மனது பண்ணி. "வீட்டுல காலை நீட்டி உக்காருங்க."

அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாப் பெண்களுக்கும் புரிந்தது. பாத்தி போயாயிற்று. மிச்சமிருந்தது கிணறு ஒன்றுதான், இப்போது அதற்கும் வந்துவிட்டார்கள்.

"கிணறு நம்மளது தெனெங்" என்றாள் சீரே.

"ஆமாக்கா. தோண்டினவளுக்கு மூடவும் உரிமை இருக்கு."

பம்பு வருகிற அன்று விடிந்ததிலிருந்தே சுரைக்குடுக்கைச் சத்தம் கேட்டது. விருந்தாளிக்குத்தானே தட்டுகிறார்கள் என்று ஆம்பிளைகள் தேநீர்க் கெட்டிலோடு இருந்துவிட்டார்கள். வெள்ளை வண்டி வந்து நின்றபோது பெண்கள் கிணற்றைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்கள். படக்காரன் சந்தோஷமாகக் குதித்து இறங்கினான். ஒவ்வொருத்தி தலையிலும் ஒரு தாம்பாளம், தாம்பாளத்தில் மண். ஆடிக்கொண்டே வருவாள், கிணற்றுக்குள் கொட்டுவாள், ஆடிக்கொண்டே போவாள். கிணறு தோண்டியபோது குவித்த அதே மண்மேடு கரைந்துகொண்டிருந்தது. தெனெங் முன்னால் ஆடினாள். உப்பே இல்லாத அந்தத் தண்ணீர் மண்ணை விழுங்குகிற சத்தம் கேட்கக் கேட்க அவளுக்கு அழுகை முட்டியது. ஆட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை.

கேலுந்தாங் செருப்பை விட்டுவிட்டு ஓடி வந்தான். "அடியே! பைத்தியமாடி பிடிச்சிருக்கு? கிணத்தை மூடுறாளுங்களே!"

"மண்ணு உங்களுது அண்ணே" என்றாள் தெனெங், மூச்சு வாங்க. "உங்க மண்ணை உங்களுக்கே திருப்பிப் போடுறோம். குழிதான் எங்களுது. அதை நாங்க எடுத்துட்டுப் போறோம்."

"அக்கா, நிறுத்துங்க! உக்காந்து பேசலாம்" என்று ஹாடி கையைப் பிடித்தாள்.

"ஆடி முடிச்சப்புறம்தாம்மா பேச்சு. அன்னைக்கு ஆட்டத்தைச் சம்மதம்னு அனுப்பினியே, இதையும் அனுப்பு. முழுசா அனுப்பு."

வந்த பம்பு வந்த வண்டியிலேயே திரும்பிப் போயிற்று. மாமரங்கள் சாகவில்லை, அதற்குள் வேர் ஆழம் போய்விட்டது. பெண்களுக்குத்தான் தோட்டம் இல்லை. இப்போது தெனெங் வாரச் சந்தையில், கப்பலில் வருகிற சீமை வெங்காயத்தை மூட்டையாக வாங்கிக் கூறு கட்டி விற்கிறாள். அழுகலைப் பொறுக்கித் தள்ளிக்கொண்டே விற்கிறாள்.

அங்கேதான் ஹாடி அவளைத் தேடிக்கொண்டு வந்தாள். "அக்கா, வெளிநாட்டு மாநாட்டுல உங்களைப் பெரிய திரையில போட்டாங்க. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க" என்று போனை நீட்டினாள்.

தெனெங் பார்த்தாள். பெண்கள் ஆடுகிறார்கள். காலும் புழுதியும் வேர்த்த முகங்களும் வருகின்றன. தாம்பாளம் தெரிகிறது, மண் கொட்டுவது வெட்டப்பட்டிருந்தது. கேலுந்தாங் கத்தின இடத்தில் இனிமையாக ஏதோ வாத்தியம் வாசித்தது. கடைசியில் எழுத்து வந்தது.

"என்ன போட்டிருக்கு?"

ஹாடியின் குரல் இறங்கிப்போயிற்று. "'கிணறு கிடைத்த மகிழ்ச்சியில் பெண்கள்'னு. நான் முழுசாத்தான் அனுப்பினேன் அக்கா. வெட்டினது அங்க."

தெனெங் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கையை முந்தித் துணியில் இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த மாநாட்டுக்கும் ஆள் வேணும்னா சொல்லி அனுப்பு, வர்றேன். ஆட மாட்டேன். அந்தத் திரைக்கு முன்னாடி நின்னு, இதோ இப்படி..." என்று தரையில் காறித் துப்பினாள். "இதை என்ன பண்ணிச் சந்தோஷமாக்குறாங்கன்னு நானும் பாக்குறேன். இப்ப நகரு தாயீ, வாங்குறவங்க நிக்கிறாங்க."