சில்லு வைத்த புத்தகத் தட்டுகள்

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கல்லூரி நூலகத்தின் தரையில் முழங்காலில் நகர்ந்து நகர்ந்து சோக்கட்டியால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார் நூலகர் மிஸ். நான் வாசலிலேயே நின்றேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். உளியும் வாளுமாக ஓடாவி வேலைக்கு எந்த வீட்டுக்குள்ளும் கூசாமல் நுழைவேன். புத்தகம் இருக்கிற அறைக்குள் மட்டும் கால் வராது. யாராவது எதையாவது வாசிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். "செருப்போட வாங்க ஓடாவியார், இது கோயில் இல்ல," என்றார் மிஸ். அதன் பிறகும் செருப்பை வெளியேதான் விட்டேன்.

அது சண்டைக் காலம். முந்திய வருடம் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்த சனம் அந்த நூலக மண்டபத்தில்தான் தங்கியது. நீட்டு மேசைகள் தரையோடு இறுக்கப்பட்டிருந்ததால், மேசைக் கால்களுக்கு இடையில் பிள்ளைகளைக் கிடத்தினார்கள். புத்தகங்களோ பூட்டிய அலுமாரிகளுக்குள். உயர்தரப் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு உட்கார இடமும் இல்லை, எடுக்கப் புத்தகமும் இல்லை. அதைப் பார்த்த நாளிலிருந்து மிஸ்ஸுக்கு ஒரே யோசனை. புத்தகத் தட்டுகளுக்குக் கதவு வேண்டாம், உருட்டிப் போகச் சில்லு வேண்டும். மேசைகள் இரண்டாகப் பிரிய வேண்டும். தனியே படிக்கிறவர் தனியே இருக்கட்டும், கூடிப் படிக்கிறவர்கள் கூடட்டும், சனம் வந்தால் மண்டபம் விலகி இடம் கொடுக்கட்டும். கல்லூரி அதிபர் ஐயா முகத்தைச் சுளித்தார். "இந்தத் தவணைப் படிப்பு முடியிற வரைக்கும் பாப்பன் மிஸ். சரிவராட்டி திரும்பப் பழைய அலுமாரிதான்." அந்த அலுமாரிகள் பின்விறாந்தையில் வரிசையாக, பூட்டும் கையுமாகக் காத்து நின்றன.

சில்லுகள் செங்கலடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தன. ஆசுபத்திரித் தள்ளுவண்டிகளில் கழற்றியவை. திரும்பி வரும்போது ஆமிச் சென்றியில் மறித்து, சாக்கை அவிழ்க்கச் சொன்னார்கள். "என்னத்துக்கு?" என்று கேட்டான் சிப்பாய், தெரிந்த தமிழில். "புத்தகத்துக்கு," என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தான். "புத்தகம் எங்க போறது?" ஒரு சில்லை எடுத்துத் தரையில் உருட்டிக் காட்டினேன். என் முழிப்பைப் பார்த்து அவனுக்கே சிரிப்பு வந்து, போகச் சொல்லிவிட்டான்.

வேலை நடந்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கறையான், கழன்ற ஆணி, பிள்ளைகளின் விரல் நசிந்துவிடுமோ என்று ஒன்று விடாமல் பயந்தேன். பயப்பட வேண்டிய ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். கழுவுகிற தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று எங்கள் மேசன்மார் தரையை வாசல் பக்கம் வாட்டமாகத்தான் போடுவார்கள். வெறும் தட்டை வைத்துப் பார்த்தபோது, சில்லிலிருந்த துருவின் இறுக்கத்தில் அது அசையாமல் நின்றது. புத்தகம் இத்தனை பாரமாக இருக்கும் என்று எனக்கு எங்கே தெரியும்?

திறப்பு நாளில் அதிபர் ஐயா குத்துவிளக்கின் கடைசித் திரியை ஏற்றிக்கொண்டிருக்கையில் வரலாற்றுத் தட்டு மெல்லப் புறப்பட்டது. பின்னாலேயே புவியியல். "சேர், வரலாறு வெளிய போகுது!" என்று ஒரு பிள்ளை கத்தினாள். பாய்ந்து போய், விளக்குக்கு ஒரு சாண் இருக்கும்போது நெஞ்சைக் கொடுத்து நிறுத்தினேன். மண்டபமே சிரித்தது, அதிபரைத் தவிர. "பின்னேரத்துக்குள்ள அலுமாரியளத் தூக்கி உள்ள வைங்க," என்றார். மிஸ் கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டே, "இவ்வளவு காலமும் பூட்டி வச்சிருந்தம் ஐயா, அதுகளுக்கும் வெளிய போக ஆசை இரிக்காதா?" என்றார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. "மேட்டில நிக்கிற வண்டிலுக்குக் கட்டை குடுக்கிற மாதிரிக் குடுப்பம் மிஸ்," என்றேன். மிஞ்சிய பலகையில் நானும் மாணவர்களும் ஆளுக்கொரு கட்டையாகச் சீவி, தேநீர் ஆறுவதற்குள் சில்லுகளுக்கு அடை கொடுத்துவிட்டோம். அதிபர் இரண்டு கையாலும் ஒரு தட்டைத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. "ம்... தவணை முடியட்டும்," என்றார்.

தவணை முடியவில்லை, சனம் திரும்பவும் வந்தது. மழைப் பகலில், நனைந்த மூட்டைகளோடு. மாணவர்கள் கட்டைகளை உதைத்து எடுத்தார்கள். என்னைப் பயமுறுத்திய அதே வாட்டத்தில் தட்டுகள் லேசாக உருண்டு முன்விறாந்தைக்குப் போய், காற்றுக்கும் சத்தத்துக்கும் மறைப்பாக நின்றன. பிரித்த மேசைகளைச் சுமந்து போய் அந்த மறைப்புக்குள் போட்டார்கள். உள்ளே ஈரத் துணிகளும் கைக்குழந்தைகளும். வெளியே பரீட்சைக்காரர்கள் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருந்தார்கள். அதிபர் ஐயா அங்கும் இங்குமாக நெடுநேரம் நடந்தார்.

மறுநாள் காலையில் என்னைப் பின்விறாந்தைக்குக் கூப்பிட்டார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். "ஓடாவியார், இந்த அலுமாரிக் கதவெல்லாத்தையும் கழட்டுங்க," என்றார். "கழட்டி, ஐயா?" "மேசை போடுங்க. வந்த சனத்துட புள்ளைகளும் இருந்து படிக்கணுமே."

இன்றைய நூலகங்களில் கணினி வயர் போவதற்கு மேசையில் வட்டமாகத் துளை விட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நான் செய்த மேசைகளிலும் மேசைக்கொரு துளை இருந்தது, அலுமாரிக் கதவின் சாவித் துவாரம். அசிங்கமாக இருக்குமே, மரத்தூள் அடைத்து மறைத்துவிடட்டுமா என்று கவலையோடு மிஸ்ஸிடம் கேட்டேன். அவர் வாய் திறப்பதற்குள், இடம்பெயர்ந்து வந்த ஒரு சிறுமி தன் பென்சிலை அதில் நட்டுவிட்டு, இரண்டு கையாலும் புத்தகத்தை விரித்தாள்.